இருட்டைச் சுத்தம் செய்தல்: மேடை இசைப் புகைப்படமும் பிம்ப இரைச்சலும்

இசைக்குழுக்களை மேடையில் வைத்து எடுத்த புகைப்படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. 'படம் கிளீனா இருக்கா?' என்று கேட்பது ஒன்று. அதற்கு நேர் எதிராக, புள்ளிபுள்ளியாய்ச் சிதறிக் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டதும் 'ஆகா, என்ன ஒரு கலகம்' என்று சொக்கிப்போவது இன்னொன்று. முன்னது கடைக்காரர்களுடையது, பின்னது நம்முடையது. இரண்டுமே பிம்பத்தின் இரைச்சலைப் படத்தின் மேல் படிந்த ஏதோ ஒரு தனிப்பொருளாகப் பார்க்கின்றன என்பதுதான் என் புகார். துடைக்க வேண்டிய தூசு என்கிறது ஒன்று. பூசிக்கொள்ள வேண்டிய திருநீறு என்கிறது மற்றது. இரைச்சல் படத்தின் எந்த இடத்தில் விழுகிறது, யார் முகத்தில் விழுகிறது, ஏன் அங்கே போய் விழுகிறது என்ற கேள்வியை இரண்டு தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

'நாய்ஸ்' என்ற சொல் புகைப்படத்துக்குச் சொந்தமானதல்ல, தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன் 1948இல் எழுதிய தகவல் தொடர்புக் கோட்பாட்டில் ஒரு படம் வரைந்திருப்பார். அனுப்புகிறவர், வழி, பெறுகிறவர். வழிக்குக் கீழே தனியாக ஒரு பெட்டி, அதுதான் இரைச்சலின் மூலம். அனுப்பியவர் அனுப்பாதது எதுவோ அது இரைச்சல். தொலைபேசிக் கம்பெனிக்கு இந்த விளக்கம் போதும். ஆனால் இருட்டு மேடையில் ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது அனுப்புகிறவர் யார்? பாடுகிறவரா, விளக்குப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருப்பவரா, டிக்கெட் விற்றவரா? எது இசை, எது இரைச்சல் என்று பிரிக்கிற உரிமை அதிகாரத்தோடு ஒட்டிப் பிறந்தது என்று ஷாக் அத்தாலி 1977இல் ஒரு புத்தகமே எழுதினார். பாடுகிற உடம்பு தன் குரலில் விட்டுச்செல்லும் சொரசொரப்பை ரோலான் பார்த் 1972 கட்டுரை ஒன்றில் 'கிரெயின்' என்றார். படச்சுருளில் இருக்கும் வெள்ளி மணிகளுக்கும் அதே சொல்தான். நம்ம ஊர் ஸ்டூடியோக்காரர்கள் டிஜிட்டல் வந்து இத்தனை வருஷம் கழித்தும் 'கிரெயின்ஸ் அடிக்குது சார்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு பார்த் தெரியாது, ஆனால் சொல் சரியாக விழுந்திருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கையும் அரவம் என்ற ஒரே பொருளில் கொண்டுவந்து வைக்கிறது. அந்தப் பட்டியலில் முகச்சுளிப்பு எதுவும் இல்லை. ஊர் உயிரோடிருக்கிறது என்பதற்குக் கம்பலைதான் அடையாளம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒளி தண்ணீர்போல ஒழுகி வருவதில்லை, மழைத்துளிபோலத் துளித்துளியாய் வந்து விழுகிறது. தூறல் போடும்போது வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டம்ளர் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏழு துளி விழுந்திருக்கும், இன்னொன்றில் பன்னிரண்டு. அடைமழையில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிறையும். கேமராவின் உணர்பலகையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் இப்படி ஒரு டம்ளர்தான். ஒரு கட்டத்தில் சராசரியாக 100 ஒளித்துளி விழ வேண்டுமென்றால் முன்பின்னாக 10 வித்தியாசப்படும், அதாவது பத்துக்கு ஒன்று. 10,000 விழ வேண்டிய இடத்தில் வித்தியாசம் 100தான், நூற்றுக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கிடையே உள்ள இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் மணல் தூவியதுபோலப் பார்க்கிறோம். மின்சுற்றுகள் சேர்க்கும் இரைச்சலும் உண்டு, மிக ஆழமான நிழலில் அது தலைகாட்டும். ஆனால் மேடைப் படத்தில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு கேமராவின் நோயல்ல, ஒளியின் வறுமை.

எவ்வளவு வறுமை என்பதற்கு ஒரு கணக்கு. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/125 விநாடி என்று வைத்தால் படம் சரியாக வரும். சின்னக் கூடம் ஒன்றில் குழு வாசிக்கும்போது அதே 1/125 விநாடிக்கு எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200 தேவைப்படுவது சாதாரணம். துளையில் 64 மடங்கு, உணர்திறனில் 32 மடங்கு. பெருக்கிப் பார்த்தால் வெயிலைவிட 2,048 மடங்கு குறைவான ஒளியில் நாம் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிரம்ஸ் வாசிப்பவரின் கை உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/250 வேண்டும். அப்போது இதிலும் பாதி. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இரைச்சல் வந்துவிடும் என்று பயந்து 1600லேயே நிறுத்திக்கொண்டு, இருண்ட படத்தை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஐ.எஸ்.ஓ. ஒரு துளி ஒளியைக்கூடக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். துளையும் வேகமும் அப்படியே இருக்கும்போது பின்னால் தூக்குவதைவிட முன்னாலேயே ஏற்றி எடுப்பதுதான் பெரும்பாலும் சுத்தமாக வரும். பயம் தப்பான இடத்தில் இருக்கிறது.

இப்போது அந்த மேடையில் இருவர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே விளக்கு, ஒரே தூரம். ஒருவருடைய தோல் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மற்றவரின் தோல் கறுப்பு, அதில் நான்கில் ஒன்றைத்தான் திருப்புகிறது. ஒரு கணக்குக்குத்தான் சொல்கிறேன். கேமராவுக்குள் நான்கில் ஒரு பங்கு துளி விழும்போது இரைச்சலின் விகிதம் இரண்டு மடங்காகிறது. ஆக ஒரே படத்தில், ஒரே கணத்தில், ஒரே மேடையில் இரைச்சல் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சட்டை வெள்ளையாக இருந்தால் அது தப்பித்துவிடும், முகம் மாட்டிக்கொள்ளும்.

எல்.இ.டி. விளக்குகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. டிஜிட்டல் கேமராவின் கட்டங்களுக்கு மேல் நிற வடிகட்டிகள் சதுரங்கப் பலகைபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு அது. பாதிக் கட்டங்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. பகல் வெளிச்சத்துக்கு நல்ல ஏற்பாடு. மேடையில் முழு நீலம் அடித்தால் நாலில் மூணு கட்டம் ஏறக்குறையப் பட்டினி, மிச்சமுள்ள ஒரு கட்டத்தை வைத்து முகத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். கறுத்த முகத்தின் மேல் ஆழ்ந்த நீலம் என்பது மேடை அமைப்பாளர்களுக்கு ஒரு 'மூட்'. படம் எடுக்கிறவருக்கு அது வறுமைக்குள் வறுமை. அதனால்தான் பாதிப் பேர் வீட்டுக்கு வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைக் கலை என்று நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

'இதெல்லாம் இயற்பியல், இதில் எங்கே அரசியல் வந்தது?' என்று நண்பர்கள் கேட்கலாம். இயற்பியலுக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது, சரி. ஆனால் அளவுகோலைச் செய்தவர்களுக்குத் தெரியும். வண்ணப் படச்சுருளை அச்சிடும் கூடங்களுக்கு கோடாக் 1950களிலிருந்து ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்த முகம் சரியாக வந்தால் எந்திரம் சரி. 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கறுப்புத் தோலின் நிழல் விவரங்கள் படச்சுருளில் அமுங்கிப்போவது பற்றிக் கம்பெனி மெனக்கெட்டது, மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்புகள் ஒன்றுபோலவே வருகின்றன என்று புகார் செய்த பிறகுதான் என்று லோர்னா ராத் தன் 2009 ஆய்வில், கோடாக் ஊழியர்களின் வாக்குமூலங்களை வைத்து எழுதியிருக்கிறார். பல நிறத்தவரை ஒன்றாக உட்காரவைத்த அட்டை 1990களில்தான் பரவலாக வந்தது. மனிதர்கள் புகார் செய்து கிடைக்காத நிழல், நாற்காலி புகார் செய்து கிடைத்தது.

இந்த இடத்தில் ராய் டிகராவாவைப் பேசாமல் நகர முடியாது. 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், 2009இல் இறந்தார். ஓவியமும் அச்சுக்கலையும் பயின்று பிறகு கேமராவுக்கு வந்தவர். 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்றார், கறுப்பினப் புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை. ஜாஸ் இசைக்கலைஞர்களை அவர் 1950களிலும் 60களிலும் தொடர்ந்து எடுத்தார். ஃபிளாஷ் கிடையாது. இருக்கிற வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். அது இரவு விடுதியாக இருந்தாலும் சரி, ஒத்திகை அறையாக இருந்தாலும் சரி.

இதை அந்தக் காலத்து வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் முரட்டுத்தனம் புரியும். ஹெர்மன் லெனர்ட் 1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட்டில் எடுத்த டெக்ஸ்டர் கார்டன் படம் உலகப் பிரசித்தம். சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சிகரெட்டுப் புகை வெள்ளைவெளேரென்று எழும்புகிறது. அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகை அவ்வளவு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் லெனர்ட் வைத்த ஃபிளாஷ் விளக்குகள். ஜாஸ் என்றால் புகை என்று உலகம் நம்புவதற்கு இந்த மாதிரிப் படங்களே காரணம். புகைக்கு அவ்வளவு ஒளி!

டிகராவாவின் படங்களில் இந்தப் பளிச் கிடையாது. கண் பழகுவதற்கே நேரம் பிடிக்கிறது. முதல் பார்வைக்குக் கறுப்பு. பிறகு கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு. அதற்குள் ஒரு காது, ஒரு தாடை, விசையின் மேல் ஒரு விரல். அச்சிடும்போது வெள்ளையை நோக்கி இழுக்காமல் ஆழ்ந்த சாம்பல்களின் குறுகிய எல்லைக்குள்ளேயே முழுப் படத்தையும் வைத்திருந்தார். கோல்ட்ரேன் சோப்ரானோ சாக்ஸபோன் வாசிக்கும் 1963ஆம் வருஷத்துப் படத்தில் கூர்மையைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வாசிக்கிற உடம்பு அசைகிறது, கேமரா அதை மறைக்கவில்லை. நாம் வழக்கமாக 'இருட்டு' என்று ஒரே சொல்லில் அள்ளிக் கொட்டிவிடுவதை அவர் பத்துப் பதினைந்து தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறார். கறுத்த தோல் என்பது ஒளி போதாமல் போன வெள்ளைத் தோல் இல்லை, அதற்கென்று தனியாக ஒரு சுருதி வரிசை இருக்கிறது என்பதை ஒரு வாக்கியமும் எழுதாமல் அச்சுத்தாளில் நிரூபித்தவர் அவர்.

இந்தப் படங்களையும் தன் கவிதை வரிகளையும் சேர்த்து 1960களின் தொடக்கத்தில் அவர் கையாலேயே ஒரு நூல் மாதிரி தயாரித்தார். 'நான் பார்த்த ஒலி' என்பது அதன் தலைப்பின் பொருள். ஹார்லெமின் ஸ்டூடியோ அருங்காட்சியகம் 1983இல் அந்தப் பெயரிலேயே அவருடைய ஜாஸ் படங்களைக் காட்சிக்கு வைத்தது. நூலாக வெளிவந்தது 2001இல். ஏறக்குறைய நாற்பது வருஷம். புகைப் படங்களுக்குச் சுவரொட்டி கிடைத்துவிட்டது, இருட்டுப் படங்கள் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டிகராவாவின் நுணுக்கத்துக்கு எதிர்முனையில் நிற்கும் படம் ஒன்றும் உண்டு. 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியத்தில் 'தி கிளாஷ்' குழு வாசித்தபோது பென்னி ஸ்மித் எடுத்தது. பாஸ் கிதார்க்காரர் பால் சிமனன் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கித் தரையில் அடிக்கப்போகிற கணம். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கக்கூட ரசிகர்களைக் காவலாட்கள் விடவில்லை, அந்த எரிச்சல்தான் கிதார்மேல் போனது என்று சிமனன் பின்னாளில் சொன்னார். தன்னை நோக்கி வருகிற ஆளிடமிருந்து பின்வாங்கிக்கொண்டே பென்னி ஸ்மித் அழுத்தியதில் படம் குவியத்தில் இல்லை. தொழில்நுட்பரீதியாகத் தேறாது, அட்டைக்குப் போடாதீர்கள் என்று எடுத்தவரே வாதாடினார். ஜோ ஸ்ட்ரம்மரும் வடிவமைப்பாளர் ரே லோரியும் கேட்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் 1956ஆம் வருஷத்து முதல் இசைத்தட்டில் இருந்த அதே இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளோடு அந்தப் படம் 'லண்டன் காலிங்' அட்டையாயிற்று. 2002இல் 'கியூ' என்ற இசைப் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான சிறந்த ராக் புகைப்படம் என்று அதற்குப் பட்டம் கட்டியது.

இந்தக் கதையைக் 'குறையே நிறை' என்று நீதிக்கதையாக்கிச் சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் சம்மதமில்லை. பென்னி ஸ்மித்தின் எதிர்ப்பை மதிக்க வேண்டும். தன் கைத்தொழிலின் அளவுகோலில் நின்று அவர் பேசினார். அந்தப் படம் நிற்பது மங்கலாக இருப்பதால் இல்லை. உட்காரச் சொன்ன ஒரு கூடத்தில் உட்கார மறுத்த ஒரு முதுகு அதில் இருக்கிறது, முகமே தெரியாத முதுகு. மங்கல் அதன் விலை. அந்த விலையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். இன்று அந்தச் சண்டைக்கு இடமில்லை, மென்பொருள் தானாகவே முடிவெடுத்துவிடுகிறது.

ஜப்பானில் 1968இல் தொடங்கி மூன்றே இதழ்கள் வந்த 'புரோவோக்' என்ற சிறுபத்திரிகையில் டகுமா நகஹிரா, இரண்டாம் இதழிலிருந்து டைடோ மொரியாமா ஆகியோர் மணிமணியான, ஆடிப்போன, குவியம் தவறிய படங்களை வேண்டுமென்றே போட்டார்கள். அது ஒரு மொழிச் சண்டை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அவர்களைக் காட்டி இன்றைய டிஜிட்டல் இரைச்சலை நியாயப்படுத்துவது அரைகுறை வாசிப்பு. படச்சுருளின் மணியும் உணர்பலகையின் இரைச்சலும் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. கோடாக் 1954இல் 35 மி.மீ. அளவில் கொண்டுவந்த டிரை-எக்ஸ் சுருளை 1600 வரை இழுத்துக் கழுவினால், நிழல் ஒன்றுமில்லாமல் வெறும் கறுப்பாகப் போய்விடும். மணி துலங்குவது நடுச்சாம்பலில். டிஜிட்டலிலோ நிழலில்தான் கூட்டம். படச்சுருள் இருட்டை அழித்துவிட்டது. டிஜிட்டல் இருட்டுக்குள் எதையோ வைத்திருக்கிறது, ஆனால் சத்தத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. இதில் வேடிக்கை, ஒரே மென்பொருளில் இரைச்சலைத் துடைக்க ஒரு பொத்தானும், துடைத்த பிறகு செயற்கை மணி தூவ இன்னொரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். மேடையில் நிஜமாக விழுந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தை அழித்துவிட்டு அதன் மேல் 1960களின் ஞாபகத்தைத் தூவிக் கொடுக்கிறார்கள். விற்பனைக்கு வந்த கலகம் என்பது இதுதான்.

பழைய துடைப்பான்கள் பக்கத்துக் கட்டங்களைச் சராசரி செய்தன. அதனால் படம் மெழுகாகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இப்போது வந்திருப்பவை வேறு ஜாதி. அடோபி 2023 ஏப்ரலில் லைட்ரூம் மென்பொருளில் சேர்த்தது போன்ற செயற்கை அறிவுத் துடைப்பான்கள், இரைச்சலுள்ள படம், இல்லாத படம் என்று ஏராளமான ஜோடிகளைக் காட்டிப் பழக்கப்பட்டவை. மேடைப் படத்துக்கு இவை செய்கிற உதவி கொஞ்சநஞ்சமில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நிறப்புள்ளிகளை எடுத்துவிட்டு ஓரங்களை அப்படியே வைக்கின்றன. ஆனால் ஒளியே விழாத இடத்தில் தகவலை அவை எங்கிருந்து கொண்டுவரும்? இதுபோன்ற இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்ற ஊகத்திலிருந்து. 'வழக்கமாக' என்ற சொல்லில்தான் ஷர்லி உட்கார்ந்திருக்கிறாள். வழக்கமான முகம், வழக்கமான தோல், வழக்கமான கருவி. வழக்கத்தில் இல்லாதது இரைச்சல் என்று கணக்கெழுதப்படும். ஓரத்தைவிடத் தோலின் மெல்லிய சொரசொரப்பு முதலில் போகும், ஏனென்றால் அதற்கும் இரைச்சலுக்கும் உருவம் ஒன்றுபோல இருக்கிறது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கலை இரவில் பறையும் கிதாரும் சேர்ந்து வாசித்த குழு ஒன்றை நண்பர் ஒருவர் படமெடுத்தார். ராத்திரி ஒன்றரை மணி, மேடையில் இரண்டே விளக்கு, ஐ.எஸ்.ஓ. 6400. முன்னால் நின்று பறையடித்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு சிறு வெளியீட்டின் அட்டைக்கு அந்தப் படத்தைக் கொடுத்தோம். பக்கம் அமைத்த தம்பி அனுப்பிய மெய்ப்பில், பறையின் தோல் பிளாஸ்டிக் தட்டுபோல ஆகியிருந்தது. நெருப்பில் காய்ச்சிய கறை, விளிம்பில் மிச்சமிருந்த ரோமம், அடிபட்டு அடிபட்டு நடுவில் வெளுத்த இடம் எல்லாம் போயிருந்தன. அடிக்கிறவரின் நெற்றித் தழும்பும் போயிருந்தது. முகம் இரண்டு படி வெளுத்திருந்தது. போனில் கேட்டேன்.

"அண்ணே, நாய்ஸ் ரொம்ப அடிச்சுது, கிளீன் பண்ணிட்டேன். மூஞ்சி பளிச்னு இருக்கு பாருங்க."

"தழும்பு எங்கடா தம்பி?"

"அது தழும்பாண்ணே? கிரெயின்ஸ்னு நெனச்சேன்."

அவனும் மென்பொருளும் ஒரே தீர்ப்புக்கு வந்திருக்கிறார்கள் பாருங்கள். இதோடு நின்றிருந்தால் நமக்குச் சௌகரியமான கதைதான், மேலாதிக்கத் தொழில்நுட்பம் விளிம்பின் உடலைத் துடைத்தழிக்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அந்தப் பறைக்கலைஞரிடம் போனபோது அவர் மெழுகுப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். "இதுதான் தம்பி நல்லாருக்கு. அதுல என்ன, மூஞ்சில அழுக்கு அப்புனாப்புல கெடக்கு." பறை வழுவழுவென்று ஆகிவிட்டதே என்றேன். "பறைய நீங்க நேர்ல வந்து பாத்துக்கங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நம் விமர்சன மொழியில் பதில் இருக்கிறதா? பொய்ப்பிரக்ஞை என்று ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்துவிடும். அந்தச் சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்துகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நாயக நடிகரின் முகம் எந்தச் சுவரொட்டியிலாவது மணல் தூவினாற்போல வந்திருக்கிறதா? மத்தியதர வர்க்கக் கல்யாண ஆல்பத்தில்? இரைச்சல் அழகானது, உக்கிரமானது, நிஜமானது என்ற ரசனையை ஏழைகளின் முகத்தில் மட்டுமே நாம் பயிற்சி செய்திருக்கிறோம். முகத்தில் அழுக்கு என்று அவர் சொன்னது துல்லியமான வாசிப்பு. ஒளி போதாமல் எடுக்கப்பட்ட முகம் அது. அவர் கேட்டது சுத்தத்தை இல்லை, வெளிச்சத்தை. வெளிச்சத்தைக் கொடுக்க முடியாதவர்கள் அதற்குப் பதிலாகச் சுத்தத்தைக் கொடுத்தோம். கூலிக்குப் பதில் இனாம் கொடுக்கிற மாதிரி.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. பாடியவர்கள் கோட்டு சூட்டில் வந்தார்கள். கானா என்றால் லுங்கி, மங்கல் விளக்கு என்று சினிமா பழக்கிவைத்திருந்த கண்ணுக்கு அந்த உடுப்பு ஒரு வாதம். முழு மேடை வெளிச்சத்தில் வந்து நிற்பேன் என்பதும் அந்த வாதத்தின் பகுதிதான். மணல் தூவிய கறுப்பு வெள்ளையாக அவர்களைக் காட்டுவது நம் ரசனையாக இருக்கலாம், அவர்களுடைய கோரிக்கையாக இருக்க முடியாது.

அப்படியானால் டிகராவா? அவருடைய இருட்டு வேறு எப்படி? அவர் ஒளிக்காகக் கிட்டப் போனார். கிட்ட என்றால் மேடையின் விளிம்பு வரைக்கும், இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரைக்கும். நிழலுக்குள் உள்ள விவரம் ஒவ்வொன்றையும் அச்சுக்கூடத்தில் கையால் மீட்டார். அவருடைய கறுப்பு கவனத்தின் விளைவு, நம்முடையது கவனக்குறைவின் விளைவு. பார்க்க இரண்டும் கறுப்பாக இருக்கலாம். மேடையின் ஒளியளவைக் கேமரா சராசரி செய்து எடுப்பதை அப்படியே விட்டுவிட்டால் பின்னால் உள்ள விளக்கு வென்றுவிடும். முகத்தின் மேல் மட்டும் புள்ளி அளவீடு வைத்து, விளக்கு வெளுத்துப் போனால் போகட்டும், வெள்ளைச் சட்டை எரிந்தால் எரியட்டும் என்று முகத்துக்கு ஒளியை விட வேண்டும். கறுத்த முகத்துக்கு ஒரு படி கூடுதலாக விட்டால் ஒளித்துளி இரண்டு மடங்கு, இரைச்சல் விகிதம் ஏறக்குறைய 1.4க்கு ஒன்று என்று குறையும். எந்தத் துடைப்பானும் தேவையில்லை. விளக்குக்காரரிடம் போய் 'அண்ணே, ரெண்டு பாட்டுக்கு நீலத்தை எறக்கி வெள்ளையைக் கொஞ்சம் கூட்டுங்க' என்று கேட்பதும் புகைப்பட நுட்பம்தான். நம் மேடைகளில் இதைக் கேட்க முடியும். உலகப் பெருங்குழுக்களின் மேடையில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் அனுமதி, ஃபிளாஷ் கூடாது, பிறகு வெளியே போ என்பார்கள். 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் குழு நீட்டிய உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த 'வாஷிங்டன் சிட்டி பேப்பர்' என்ற வார இதழ், கூட்டத்தில் நிற்கும் ரசிகர்களிடமே படம் வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. தூரத்திலிருந்து கைபேசியில் எடுத்த, இரைச்சல் மிகுந்த படங்கள். ஆனால் எடுத்தவருக்குச் சொந்தமான படங்கள்.

கடைசியாகச் சிறுபத்திரிகை நடத்தும் தோழர்களுக்கு ஒன்று. திரையில் நூறு சதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். 6,000 கட்ட அகலமுள்ள படம் ஐந்து அங்குலத்தில் அச்சாகும்போது அங்குலத்துக்கு 300 என்று வைத்தாலும் 1,500 கட்டமே போதும். பதினாறு கட்டம் ஒன்றாகச் சேர்கிறது, இரைச்சல் தானாகவே நாலில் ஒன்றாகிவிடும். நிறப்புள்ளிகளை மட்டும் எடுத்தால் போதும், ஒளிர்வில் கை வைக்க வேண்டாம். நம் இதழ்களுக்கு உண்மையான ஆபத்து மலிவுத் தாளில் இருக்கிறது. மை ஊறிப் புள்ளி பரவும், திரையில் தெரிந்த கறுத்த முகம் அச்சில் இன்னும் அரைப்படி இருண்டு அடைத்துக்கொள்ளும். அச்சுக்கு அனுப்புமுன் நடுச்சாம்பலைத் தூக்கி, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் ஓட்டிப் பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு போய்ப் படத்தில் இருப்பவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் மிச்சப் பிரதிகளை ஓட்டச் சொல்லுங்கள்.